தணிக்கைப் பத்திக்கு வாதி இல்லை

இளங்கலை படித்த மூன்று ஆண்டுகளும் ஓர் அரசு ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதியில் இருந்தேன். சமையற்கட்டுக்கு வெளியே, தட்டு கழுவும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்று மாட்டியிருந்தது. நல்ல கம்பெனி இயந்திரம்தான். ஆனால் அதற்குத் தண்ணீர்க் குழாயும் வரவில்லை, கரண்ட் கனெக்‌ஷனும் வரவில்லை. நாங்கள் அதன்மேல் துண்டு காயப்போடுவோம். குடிக்கிற தண்ணீரைப் பின்பக்கத் தொட்டியிலிருந்து குடத்தில் பிடித்து வைப்போம். மழைக்காலம் வந்தால் மாதத்துக்கு நாலு பேராவது வயிற்றுப்போக்கு என்று ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த இயந்திரம் ஏன் அங்கே தொங்குகிறது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே தோன்றியதில்லை.

இரண்டாம் ஆண்டில் தணிக்கைக்கு இருவர் வந்தார்கள். இருப்புப் பதிவேட்டை வைத்துக்கொண்டு கட்டில், பாய், பாத்திரம் என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் இயந்திரத்தை நிமிர்ந்து பார்த்தார், பதிவேட்டில் டிக் அடித்தார். எங்கள் துண்டுகளை வார்டன் அன்று காலையே எடுக்கச் சொல்லியிருந்தார். “சாப்பாடெல்லாம் எப்படிப்பா இருக்கு?” என்று என்னிடம் கேட்டார் அவர். வார்டன் பக்கத்திலேயே நின்றார். “நல்லா இருக்கு சார்” என்றேன்.

இப்போது என் முனைவர் பட்ட ஆய்வே பட்டியலின மக்களுக்கான திட்டங்களின் தணிக்கை பற்றியதுதான். அதன் ஒரு பகுதியாகச் சில மாவட்டங்களின் விடுதிகள் மீது எழுப்பப்பட்ட தணிக்கைத் தடைகளையும், அவற்றுக்குத் துறை கொடுத்த பதில்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். வந்த தாள்களில் ஒன்றில் எங்கள் விடுதியின் பெயர் இருந்தது. தடை: குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கப்பட்டு நிறுவப்படாமல் வைக்கப்பட்டுள்ளது. துறையின் பதில்: இயந்திரம் நிறுவப்பட்டுவிட்டது. கடைசிக் கட்டத்தில்: பதில் ஏற்கப்பட்டது, பத்தி தீர்வு செய்யப்பட்டது. தேதியைப் பார்த்தேன். நான் விடுதியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டு.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. இயந்திரம் அட்டைப்பெட்டியில் கிடந்தது, அதைச் சுவரில் மாட்டினார்கள். தடையில் கேட்டது ‘நிறுவுதல்’, பதிலில் சொன்னது ‘நிறுவப்பட்டது’. தண்ணீர் வருகிறதா என்று தடையும் கேட்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. அந்தச் சுவருக்குக் கீழே தட்டு கழுவிக்கொண்டிருந்த ஐம்பது பேரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பத்தி தீர்ந்திருக்காது. கேட்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தணிக்கை என்றாலே நம் தோழர்களுக்கு சிஏஜி அறிக்கை வெளியாகும் நாள்தான் நினைவுக்கு வரும். இத்தனை கோடி பயன்படுத்தப்படவில்லை, இத்தனை கோடி வேறு வேலைக்குத் திருப்பப்பட்டது என்று அன்று மாலையே அறிக்கை விடுவோம். ஒரு வாரம் பேசுவோம். நானும் அப்படி எழுதியவன்தான். அந்த அறிக்கை அதற்கப்புறம் எங்கே போகிறது, யார் கையில் எப்படி முடிகிறது என்று ஆய்வுக்குள் வந்தபிறகுதான் பின்தொடர ஆரம்பித்தேன்.

போகிற வழி இதுதான். மாநிலக் கணக்காயரின் தணிக்கைக் குழு ஓர் அலுவலகத்துக்கு வருகிறது. கண்டதை ஆய்வறிக்கையாக எழுதி அந்த அலுவலகத்தின் தலைவருக்கே அனுப்புகிறது. நான்கு வாரத்துக்குள் பதில் தரவேண்டும். பதில் திருப்தியாக இருந்தால் பத்தி அங்கேயே முடிந்துவிடும். முடியாதவை ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். பிறகு துறை அதிகாரிகளும் கணக்காயர் அலுவலகத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து கொத்தாக எடுத்து முடித்துவைப்பார்கள். உள்ளாட்சிகளில் இதற்குக் கூட்டமர்வு என்று பெயர். பெரிய விவகாரங்கள் மட்டும் வளர்ந்து சிஏஜி அறிக்கையில் ஏறி, ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கோ, குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்துக்கோ போகும். அங்கே பொதுக் கணக்குக் குழு அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் செயலாளர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும். மற்றவை எழுத்துப் பதிலோடு சரி. மத்திய அரசில், அறிக்கை அவையில் வைக்கப்பட்ட நான்கு மாதத்துக்குள் ஒவ்வொரு பத்திக்கும் நடவடிக்கைக் குறிப்பைத் தணிக்கைத் துறையிடம் சரிபார்த்து வாங்கி அனுப்பவேண்டும். இந்தக் கெடு நாடாளுமன்றக் குழு வகுத்த நடைமுறை. அதைத் தாண்டினால் யாருக்கும் தண்டனை இல்லை.

இந்த நீண்ட பாதை முழுக்க இரண்டு தரப்புதான்: கேள்வி கேட்ட தணிக்கையாளர், பதில் சொல்லும் அதிகாரி. யாருக்காகப் பணம் ஒதுக்கப்பட்டதோ அந்த மாணவரோ, தூய்மைப் பணியாளரோ, மனை கேட்டு மனுப்போட்ட கிழவியோ எந்தக் கட்டத்திலும் இல்லை. நீதிமன்ற மொழியில் சொன்னால் தணிக்கைப் பத்திக்கு வாதி இல்லை. வாதி இல்லாத வழக்கு எப்படி முடியுமோ அப்படித்தான் அது முடிகிறது.

தணிக்கையாளர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் விடுதியில் பெட்டியில் கிடந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தவரும் ஒரு தணிக்கையாளர்தான். அவர் எழுதாமல் போயிருந்தால் அது பெட்டியிலேயே கிடந்திருக்கும். சட்டம் அவருக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான்.

இந்தப் பதவிக்கு அண்ணல் அம்பேத்கர் எவ்வளவு எடை கொடுத்தார் என்பது நம்மவர்களே அதிகம் பேசாத விஷயம். மாகாண நிதி பற்றி நூல் எழுதிய பொருளாதார அறிஞர் அவர். வரவு செலவுக் கணக்கில் அதிகாரம் எங்கே ஒளிந்துகொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். 1949 மே 30 அன்று அரசமைப்பு அவையில் பேசும்போது, இந்த அரசமைப்பிலேயே அநேகமாக மிக முக்கியமான அதிகாரி தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்தான் என்றும், அவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடப் பெரியது என்றும் சொன்னார். உச்ச நீதிமன்றத்துக்குத் தன் பணியாளர்கள்மீது இருக்கும் அளவு அதிகாரம் இவருக்குக் கொடுக்கப்படவில்லையே என்று வருந்தவும் செய்தார். அப்படிப்பட்ட அதிகாரியின் அறிக்கை என்ன ஆகவேண்டும் என்பதற்குப் பிரிவு 151 சொல்வது, அதை அவையின் முன் வைக்கவேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது.

இதே அரசமைப்பின் பிரிவு 338-ஐ எடுத்துப் பாருங்கள். தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையத்தின் அறிக்கையை அவையில் வைக்கும்போது, பரிந்துரைகள் மீது எடுத்த அல்லது எடுக்கப்போகும் நடவடிக்கை என்ன, ஏற்காவிட்டால் காரணம் என்ன என்ற குறிப்போடு சேர்த்துத்தான் வைக்கவேண்டும். காகிதத்தில் இது தணிக்கை அறிக்கைக்கு இருப்பதைவிடப் பலமான ஏற்பாடு. நடந்தது என்ன? குறிப்பு தயாராகவில்லை என்று அறிக்கையையே ஆண்டுக்கணக்கில் அவைக்குக் கொண்டுவராமல் வைத்திருந்தார்கள். ஒன்றில் அறிக்கை வரும், பதில் வராது. மற்றதில் பதில் வரும்வரை அறிக்கையே வராது. நம் மக்களைப் பற்றிய இரண்டு கண்காணிப்பும் இப்படி இரண்டு விதமாக முடங்குகின்றன.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பத்தியின் வாழ்க்கையைப் பின்தொடர்வது நல்லது. நான் அதிகம் திரும்பிப் போகிற ஒன்று, மலம் அள்ளும் தொழிலாளர்களை விடுவித்து மறுவாழ்வு தரும் தேசியத் திட்டம் மீதான தணிக்கை.

அந்தத் திட்டம் 1992 மார்ச்சில் வந்தது. அடுத்த ஆண்டு, மலம் அள்ள ஆட்களை வைப்பதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்யும் சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து 2003-இல் சிஏஜி அந்தத் திட்டத்தை மதிப்பிட்டது. 600 கோடி ரூபாய்க்கு மேல் போட்டும் திட்டம் தன் நோக்கத்தில் தோற்றுவிட்டது என்று எழுதியது. பணம் இருந்தும் பெரும்பகுதி செலவாகவில்லை. கண்காணிக்க அமைத்த குழுக்கள் இயங்கவில்லை. விடுவிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் மறுவாழ்வு பெற்றதாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் தொடர்பே இல்லை, விடுவிக்கப்பட்டவர்தான் மறுவாழ்வு பெற்றார் என்பதற்குச் சான்று இல்லை. எல்லாவற்றையும்விட, கையில் இருந்த தடைச் சட்டத்தைத் திட்டம் பயன்படுத்தவே இல்லை என்பதைத்தான் மிகக் கடுமையான தவறாகக் குறித்தார்கள். ஒரு கணக்குத் தணிக்கையாளர் சாதியைப் பற்றி இவ்வளவு நெருங்கி எழுதியது அரிது. சட்டம் சாதித் தொழிலைக் குற்றம் என்கிறது, திட்டமோ அதைத் தொழிற்பயிற்சிப் பிரச்சினையாக நடத்துகிறது. தணிக்கை கண்டது இந்த முரணைத்தான்.

இந்தக் கண்டறிதல் துறைக்கும் தணிக்கைக்கும் நடுவில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பழைய திட்டத்தின் இடத்தில் 2007 ஜனவரியில் புதிய சுயதொழில் மறுவாழ்வுத் திட்டம் வந்தது. திட்டம் மாறினால் பழைய திட்டத்தின் குறை தானாகப் பழங்கதை ஆகிவிடும். அதோடு கோப்பு மூடியிருக்கும்.

அப்படி மூடாததற்குக் காரணம் 2003 டிசம்பரில் சஃபாய் கரம்சாரி ஆந்தோலனும் வேறு அமைப்புகளும், அந்தத் தொழிலில் தள்ளப்பட்ட சமூகத்திலிருந்தே வந்த சிலரும் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. தணிக்கையில் இல்லாத வாதி அங்கே வந்து நின்றார். பெசவாடா வில்சனும் தோழர்களும் செய்த வேலையின் நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். மாநில அரசுகள் ஒவ்வொன்றாக, எங்கள் மாநிலத்தில் மலம் அள்ளுவோர் யாருமில்லை என்று பிரமாணப் பத்திரம் போட்டன. தணிக்கைக்குத் தரும் பதிலும் இந்தப் பிரமாணப் பத்திரமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆனால் இங்கே மறுக்க ஆள் இருந்தது. இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்ன கழிப்பறையை இன்னார் சுத்தம் செய்கிறார் என்று படத்தோடு கொண்டுபோய் வைத்தார்கள். அரசின் சொந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 2011-இல் 7,94,390 கழிப்பறைகளில் மனிதர்கள் மலம் அகற்றுகிறார்கள் என்று சொன்னது. 2013-இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச் 27 அன்று நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. 2003-இன் அந்தத் தணிக்கைக் கண்டறிதல்களை அந்தத் தீர்ப்பில் எடுத்தாண்டிருக்கிறார்கள். 1993 முதல் கழிவுநீர்க் குழாய்களில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டார்கள். 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அது முப்பது லட்சம் ஆனது.

பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இதே சிஏஜியின் இன்னோர் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2ஜி அலைக்கற்றை பற்றிய அறிக்கை 2010 நவம்பரில் அவையில் வைக்கப்பட்டது. நாடாளுமன்றம் முடங்கியது, கூட்டுக் குழு வந்தது, 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. பதினைந்து மாதம். அங்கே முன்பே நீதிமன்றத்தில் வழக்காடுகிறவர்கள் இருந்தார்கள், எதிர்க்கட்சி இருந்தது, இரவு பகலாகத் தொலைக்காட்சி இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஆ. இராசா உள்ளிட்ட அனைவரும் 2017 டிசம்பரில் விடுவிக்கப்பட்டது வேறு கதை. நான் சொல்லவருவது வேகத்தைப் பற்றி. தணிக்கை அறிக்கை தன் காலில் நடக்காது. யாராவது தூக்கிக்கொண்டு போகவேண்டும். யாருக்குத் தூக்க ஆள் இருக்கிறது என்பதை இந்த நாட்டில் எது தீர்மானிக்கிறது என்று இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2014 தீர்ப்பிற்குப் பிறகும் பத்தியை மூடுகிற கலை ஓயவில்லை. 2013-லும் 2018-லும் நடந்த கணக்கெடுப்புகளில் 58,098 பேர் மலம் அள்ளுவோராக அடையாளம் காணப்பட்டார்கள். சாதி விவரம் கிடைத்தவர்களில் 97 விழுக்காடு பட்டியலினத்தவர் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதே அரசு, மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை, கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் ‘அபாயகரமாகச் சுத்தம் செய்யும்போது’ இறந்தவர்கள்தான் இருக்கிறார்கள் என்றும் பதில் சொல்லிவருகிறது. சாவை வேறு தலைப்புக்கு மாற்றினால் இந்தத் தலைப்பின் கீழ் நிலுவை பூஜ்யம். அப்படி மாற்றப்பட்ட சாவுகளின் பட்டியலில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருக்கிறது என்பதைச் சமூகநீதி மண் என்று பேசுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

விடுதி, உதவித்தொகை, மனைப்பட்டா, துணைத்திட்டம் என்று எதை எடுத்தாலும் தீர்வு செய்யும் வாக்கியங்கள் அநேகமாக ஒன்றேதான். ‘சம்பந்தப்பட்ட அலுவலர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது.’ ‘இனிவரும் காலங்களில் கவனத்தில் கொள்ளப்படும்.’ நூற்றுக்கணக்கான பதில்களைப் படித்துவிட்டால் தூக்கத்தில்கூட எழுதிவிடலாம். இவற்றைவிட என்னைப் பாதித்த வாக்கியம் வேறு: ‘செலவிடப்படாத தொகை அரசுக் கணக்கில் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.’ கணக்கின் கண்ணில் இது சுத்தமான முடிவு. பணம் திருடு போகவில்லை, வங்கிக் கணக்கில் முடங்கவில்லை, கருவூலத்துக்கே திரும்பிவிட்டது. தடை நீங்கியது. ஆனால் அந்தப் பணம் ஒரு சேரிக்கு மயானப் பாதை போட ஒதுக்கப்பட்டது என்று வையுங்கள். பாதை வரவில்லை, பிணத்தை இன்னும் வயல் வரப்பில்தான் தூக்கிப்போகிறார்கள், கோப்பிலோ குறை ‘நிவர்த்தி’ ஆகிவிட்டது. கையாடல் நடந்தால்கூடப் பத்தி சில ஆண்டு உயிரோடு இருக்கும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைப் போல எளிதாக மூடுவது வேறில்லை.

குறையைச் சட்டமாக மாற்றி முடிக்கும் வழியும் உண்டு. கர்நாடகம் 2013-இல் துணைத்திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தபோது எல்லோரும் கைதட்டினோம். அதில் 7(டி) என்று ஓர் உட்பிரிவு. பொதுவான கட்டமைப்பு வேலைகளில் ஒரு பங்கைப் பட்டியலின மக்களுக்குச் செலவிட்டதாகவே கருதிக்கொள்ளலாம் என்றது. ‘கருதப்படும்’ என்ற அந்த ஒரு சொல் வந்தபிறகு, நிதி திருப்பப்பட்டது என்று தணிக்கையாளர் எழுதுவதற்கே இடமில்லை. இயக்கங்கள் போராடிப் போராடி 2023-இல்தான் அது நீக்கப்பட்டது. தமிழ்நாடும் 2024-இல் துணைத்திட்டத்துக்குச் சட்டம் இயற்றியிருக்கிறது. நாற்பதாண்டுக் கோரிக்கை. அந்தச் சட்டத்தின் பலத்தை, ஒதுக்கீட்டுத் தொகையைவிட, திருப்பி ஒப்படைக்கப்படும் தொகைக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் அளப்பேன்.

இன்னொரு விதமான தீர்வு நேராக நம் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பற்றி 2018-இல் சிஏஜி ஓர் அறிக்கை தந்தது. ஐந்து மாநிலங்களை ஆராய்ந்தார்கள், தமிழ்நாடு அதில் ஒன்று. பணம் தாமதமாகச் சேர்வதும் கண்காணிப்பு இல்லாததும் அதில் பதிவாயின. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை மத்திய, மாநிலப் பங்கை 60:40 என்று மாற்றியது. அது நல்ல மாற்றம்தான், மாநிலங்கள் பல ஆண்டாகக் கேட்டது. கூடவே, வெளிப்படைத்தன்மைக்காக என்று சொல்லி, மத்தியப் பங்கு நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும் என்றார்கள். ஆதார், இணையவழிச் சரிபார்ப்பு எல்லாம் வந்தன. கணக்கில் நடுவே கசிவு இல்லை. நடந்ததோ, முன்பு அரசிடம் பாக்கி கேட்ட கல்லூரிகள் இப்போது மாணவரிடம் கேட்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பெண், செமஸ்டர் கட்டணத்துக்காக அம்மாவின் தோட்டை அடகு வைத்தாள். உதவித்தொகை வந்தது, அவள் தேர்வு எழுதி முடித்த பிறகு. மோசடியைச் செய்யக்கூடியவர் நிர்வாகத்தில் இருக்க, நிரூபிக்கும் சுமை மாணவர் தோளுக்கு மாறியது. இதைப் பற்றி அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

வாதியை உள்ளே கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இதில் என்னோடு ஆய்வு செய்யும் நண்பர்களுக்கும் எனக்கும் வாக்குவாதம் உண்டு. நூறு நாள் வேலை உறுதிச் சட்டம் அதைச் செய்துபார்த்தது. சட்டத்தின் 17-ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராமசபையின் கையில் கொடுத்தது. வேலை செய்தவரே பெயர்ப் பட்டியலைப் பார்த்து, நான் அந்த வாரம் வேலைக்கே போகவில்லை, என் பெயரில் யார் பணம் எடுத்தது என்று கேட்கலாம். ஆந்திரம் அதற்குத் தனி அமைப்பையே உருவாக்கியது. கண்டுபிடித்தார்கள், நிறையவே கண்டுபிடித்தார்கள். 2017-18 முதல் நான்கு நிதியாண்டுகளில் நாடு முழுக்கச் சமூகத் தணிக்கையில் வெளிவந்த முறைகேடு 935 கோடி ரூபாய். திரும்ப வசூலானது 12.5 கோடி, அதாவது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. கண்டுபிடிப்பவர்கள் வேறு, வசூலிக்கவேண்டியவர்கள் வேறு. வசூலிக்கவேண்டியவர்களுக்கும் திருடியவர்களுக்கும் ஒரே அலுவலகம், பல இடங்களில் ஒரே தெரு, ஒரே சாதி.

அதுமட்டுமல்ல. கிராமசபையில் எழுந்து நின்று பேசுகிற சேரிப் பெண் அன்று மாலை அதே ஊருக்குள்தான் பால் வாங்கப் போகவேண்டும், அதே பொறுப்பாளரிடம்தான் அடுத்த வாரம் வேலை கேட்கவேண்டும். களப்பணியில் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “நீ எழுதிட்டு பஸ் ஏறிடுவ தம்பி, நாங்க எங்க போறது?” விடுதியில் “நல்லா இருக்கு சார்” என்று சொன்னவன் நான் என்பதால், அதற்கு மேல் அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆனாலும் நண்பர்களோடு நான் உடன்படவில்லை. சமூகத் தணிக்கை தோற்றது கேட்டதனால் அல்ல, கேட்டதைப் பின்தொடரக் கையில் அதிகாரம் இல்லாததனால். சிஏஜி தணிக்கைக்குச் சட்டமன்றம்வரை பாதை இருக்கிறது, பாதிக்கப்பட்டவரின் குரல் இல்லை. சமூகத் தணிக்கைக்குக் குரல் இருக்கிறது, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தைத் தாண்டிப் பாதை இல்லை. இரண்டையும் முடிச்சுப் போடவிடாமல் வைத்திருப்பது எந்தச் சட்டமும் இல்லை, வெறும் பழக்கம்தான். பொதுக் கணக்குக் குழு செயலாளர்களை மட்டும்தான் விசாரிக்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் சட்டமன்றக் குழுக்களுக்கு உண்டு. விடுதி பற்றிய பத்தியை எடுக்கும் நாளில் விடுதி மாணவர் ஒருவரைக் கூப்பிட்டு, சுவரில் இருப்பதில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பதைத் தடுக்கிறவர் யாருமில்லை. பட்டியலின மக்களின் பணம் தொடர்பான எந்தப் பத்தியும் பயனாளிகளின் எழுத்துப்பூர்வமான கருத்து இல்லாமல் தீர்வு செய்யப்படக்கூடாது என்று ஓர் அரசாணை போதும். தீர்வு செய்யப்பட்ட ஒவ்வொரு பத்தியையும், அதற்கு ஏற்கப்பட்ட பதிலையும் இணையத்தில் போட அதுகூடத் தேவையில்லை.

இதில் நம் பங்கையும் சொல்லவேண்டும். நம் இயக்கங்களில் சட்டம் தெரிந்த தோழர்கள் இருக்கிறார்கள். வன்கொடுமை வழக்கென்றால் முதல் தகவல் அறிக்கையிலிருந்து மேல்முறையீடு வரை விடாமல் பின்தொடர்கிறோம், தேதி தேதியாகக் குறித்துவைக்கிறோம். தணிக்கைப் பத்தியை அப்படிப் பின்தொடர்ந்த ஓர் அமைப்பைத் தமிழ்நாட்டில் நான் இன்னும் சந்திக்கவில்லை. வெளியான நாளில் கோடிகளைச் சொல்லிக் கொந்தளிப்போம். அந்தக் கோடிகள் ‘அறிவுறுத்தப்பட்டுள்ளது’ என்ற ஒரு வரியில் கரையும் நாளில் நாம் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை. அது சலிப்பான வேலை, மேடை கிடையாது, கைதட்டு கிடையாது. ஒரு மாவட்டத்துக்கு இரண்டு பேர், ஒரு துறை, நிலுவைப் பத்திகளின் ஒரு பட்டியல் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆண்டில் எவ்வளவோ செய்யலாம்.

சென்ற மாதம் அந்த விடுதிக்குப் போயிருந்தேன். வாசலில் ‘சமூகநீதி விடுதி’ என்று புதுப் பெயர்ப்பலகை. தட்டு கழுவும் இடத்துச் சுவரில் இயந்திரம் இல்லை, அதை மாட்டியிருந்த நான்கு துளைகள் மட்டும் சுண்ணாம்புக்கு அடியில் தெரிந்தன. “அதுவாண்ணா? கண்டம் பண்ணி ஏலத்துல போயிடுச்சாம்” என்றான் ஒரு தம்பி. குடிக்கத் தண்ணீர்? ஆளுக்குக் காசு போட்டு இருபது லிட்டர் கேன் வாங்குகிறார்கள். அந்த விடுதி மீது இப்போது நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள் என்ன, கடந்த ஐந்து ஆண்டில் தீர்வு செய்யப்பட்டவை என்ன, ஒவ்வொன்றுக்கும் தந்த பதிலின் நகல் என்று மூன்று கேள்விகளை அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். என் பெயரில் அனுப்புகிறேன் என்றேன். மூன்றாம் ஆண்டு வணிகவியல் படிக்கிற ஒருவன் தாளை வாங்கிப் படித்துப் பார்த்தான். “வேணாண்ணா, நாங்கதான இங்க இருக்கோம்” என்று தன் பெயரையும் அறை எண்ணையும் எழுதினான். கோர்ட் பீஸ் ஸ்டாம்புக்குப் பத்து ரூபாய் மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டான். முப்பது நாள் கெடு இன்னும் முடியவில்லை.